முப்பத்தேழு புள்ளி எட்டு

தராசு தப்பாகக் காட்டுகிறது என்று கடைக்காரர் சொன்ன மாத்திரத்தில் நம்பிவிடுகிறவர் தராசு சரிபார்க்கும் தொழிலுக்கு ஆகமாட்டார். நம்பவே மறுக்கிறவரும் ஆகமாட்டார். எடைக்காரரும் அவருடைய மகளும் பதினேழு ஆண்டுகளாக இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று பிழைத்தவர்கள். காய்கறிக் கடை, நகைக் கடை, பார்சல் அலுவலகம், மருந்துக் கடை என எங்கிருந்து அழைப்பு வந்தாலும் வேலை ஒரே ஒழுங்கில்தான் நடக்கும். முதலில் ரசமட்டம் வைத்துத் தராசின் கால்கள் சமமாக நிற்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிறகு எடைக்கல்லைத் துணியால் பிடித்துத் தூக்கித் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறை. வருகிற எண்களையெல்லாம் துண்டுத்தாளில் குறித்து, சராசரி எடுத்து, கருவிக்கு உள்ள பிழையைக் கழித்து, கடைசியில் நிற்கும் எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதுவார்கள். துண்டுத்தாள் குப்பைக்குப் போய்விடும்.

எடைக்காரருக்கு ஒரு மகனும் உண்டு. அவனும் ஏழு மாதம் இந்த வேலையில் இருந்து பார்த்தான். முதல் எண் வந்ததுமே பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த கடைக்குக் கிளம்புவான். "உனக்கெல்லாம் இது சரிப்படாதுடா, நீ போய் வண்டி ஓட்டு" என்றார் அப்பா ஒரு நாள், கோபத்தில். அவன் உண்மையிலேயே போய் வண்டி ஓட்டினான். குளிர்பதன லாரி, வாரத்தில் ஐந்து நாள் சாலையில். வீட்டுக்கு வரும்போது அப்பா அவனை 'லாரி' என்றே கூப்பிடுவார். அவனும் கோபித்துக்கொண்டதில்லை.

அம்மா இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆன வீடு அது. முன்னறை பட்டறை, பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை. மகளுக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து இரண்டு முறையும் நின்றது. மூன்றாவது முறை வந்தபோது அவளே வேண்டாம் என்றாள்.

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது ஒரு பல் பிடுங்கப் போய். ரத்தம் நிற்கவில்லை. ஒரு வாரத்துக்குள் அவர் புற்றுநோய் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் இருந்தார். மூன்று சுற்று மருந்து ஏறியது. தலைமுடி போனது, புருவம் போனது. கண்ணாடியைப் பார்த்து, "இப்பத்தான் சுத்தமா துடைச்சு வெச்ச எடைக்கல்லு மாதிரி இருக்கேன்" என்றார். நோய் அடங்கியது, ஆனால் திரும்பி வரும் என்றும், எலும்பு மஜ்ஜையை மாற்றினால்தான் ஆயுளுக்கு ஏதாவது உத்தரவாதம் என்றும் மருத்துவர் சொன்னார். பிள்ளைகள் இருவரின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இருவருமே பாதிப் பொருத்தம்.

"ரெண்டுல யாரோடது?" என்று கேட்டார் எடைக்காரர்.

"மகனோடது எடுக்கலாம்னு பாக்கறோம். வயசும் கம்மி, எடையும் அதிகம்."

"எடை அதிகம்னு ஒருத்தனுக்கு மார்க் கிடைச்சு இப்பத்தான் பாக்கறேன்."

மகளுக்கு அன்று உள்ளுக்குள் ஒரு சிறு ஏமாற்றம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. பதினேழு ஆண்டுகள் கூடவே இருந்தவள் அவள்; கடைசியில் தேவைப்பட்டது தம்பியின் இடுப்பெலும்பு.

தம்பி வந்தான். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பின் பின்பக்கத்தில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்தார்கள். இரண்டு நாள் அவனால் நேராக உட்கார முடியவில்லை. "பதினெட்டு மணி நேரம் வண்டி ஓட்டினாக்கூட இப்படி வலிச்சதில்லக்கா" என்றான். அன்று மாலையே அந்த மஜ்ஜை ஒரு பையில் வந்து, அப்பாவின் நெஞ்சில் பதித்திருந்த குழாய் வழியாக உள்ளே இறங்கியது. பார்ப்பதற்குச் சாதாரண ரத்தம் போலத்தான் இருந்தது. இதற்காகவா இத்தனை அமர்க்களம் என்று அப்பா முகம் சுளித்தார்.

அதன் பிறகு பதினெட்டு நாள், கண்ணாடிக் கதவு போட்ட தனியறை. வாய் முழுக்கப் புண். விழுங்கினால் கண்ணில் நீர் வரும். வார்டின் தலைமைச் செவிலியருக்கு எடைக்காரர் வைத்த பெயர் கறாரம்மா. அந்த அம்மாளுக்கும் அது தெரியும். பெயருக்குத் தக்கபடியே நடந்துகொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காலையில்தான் அந்தத் தராசுச் சம்பவம் நடந்தது. தினமும் ஆறு மணிக்குக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வைத்திருக்கும் தராசில் அவரை நிறுத்தி எடை பார்ப்பார்கள். அன்று ஒரே நாளில் இரண்டு கிலோ குறைந்திருந்தது.

"மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும்" என்றார் கறாரம்மா.

"சிஸ்டர், தராசு பொய் சொல்லுது."

"பொய் சொல்றது நீங்க. நேத்து சாப்பாட்டத் தொடவே இல்ல, ஆனா சாப்ட்டேன்னு சொன்னீங்க."

"அது வேற பொய். இது வேற பொய். ரெண்டு கிலோ ஒரு ராத்திரியில எங்கே போகும்? பாப்பா, நீ போய் இருபது கிலோக் கல்லு ரெண்டு கொண்டா."

மகள் பட்டறைக்குப் போய்க் கற்களை எடுத்துவந்து, கிருமிநாசினியால் மூன்று முறை துடைத்துத் தராசின் மேல் வைத்தாள். நாற்பது கிலோவுக்கு முப்பத்தெட்டு புள்ளி நான்கு காட்டியது. தரையைக் கழுவும்போது தராசை நகர்த்தியவர்கள் அதன் ஒரு காலை வடிகால் சரிவில் விட்டிருந்தார்கள். தட்டின் விளிம்பு சுவரில் உரசிக்கொண்டிருந்தது. பாதி வார்டு கூடிவிட்டது. மருத்துவர் வந்து பார்த்தார். மூக்குக் குழாய் வேண்டாம் என்றார்.

"உங்ககிட்ட நாங்கதான் பாடம் கேக்கணும்போல இருக்கு, ஐயா."

"முதல்ல கருவியச் சந்தேகப்படணும் டாக்டர். அப்புறம்தான் மனுஷன்."

மறுநாளிலிருந்து எடை எடுக்கும் முன் கறாரம்மா தராசைக் குனிந்து பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே நின்ற மகளிடம் அப்பா சைகையால் கேட்டது ஒன்றுதான்: நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தாயா? அவள் தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். பாராட்டு என்று அவரிடமிருந்து வருவது வழக்கமாக அந்த அளவுதான்.

பதினெட்டாம் நாள் ரத்தத்தில் புதிய அணுக்கள் தென்பட்டன. முப்பதாம் நாள் சோதனையில், ஓடுவது முழுக்க மகனுடைய ரத்தம்தான் என்று வந்தது. தம்பி எங்கோ சாலையோரத்திலிருந்து தொலைபேசியில் பேசினான்.

"டேய் லாரி, உன் ரத்தம்தான்டா ஓடுது. காலையிலேர்ந்து ஹாரன் அடிக்கணும்போல இருக்கு."

"நல்லதுப்பா. இனிமே என்னத் திட்டினா உங்களையே திட்டிக்கிற மாதிரி."

"அப்படியும் திட்டுவேன். எனக்கு நான் சலுகை குடுத்ததில்ல."

முப்பத்திரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கறாரம்மா மகளை உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். எதை வேகவைப்பது, எதைத் தூரப் போடுவது, நெஞ்சுக் குழாயை எப்படிக் கழுவுவது. கடைசியில் ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஓர் எண்.

"முப்பத்தெட்டு. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு டிகிரி செல்சியஸ் காட்டினா உடனே போன் பண்ணணும், இவரு உடம்புல இப்ப எதிர்ப்புச் சக்தியே இல்ல. பகலோ ராத்திரியோ. போர்வையப் போத்திப் பாக்கறேன், கஷாயம் குடுத்துப் பாக்கறேன், அதெல்லாம் கூடாது. புரியுதா?"

"புரியுது சிஸ்டர்."

"அவருக்கும் சொல்லிட்டேன். ஆனா அவரு யார் சொல்லிக் கேட்டாரு?"

மகள் பட்டறையின் கதவிடுக்குகளைப் பிளாஸ்டிக் தாளால் அடைத்தாள். திரைச்சீலைகளைக் கழற்றினாள். தரையைக் காலையும் மாலையும் துடைத்தாள். தட்டு, தம்ளர், கரண்டி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுத்தாள். வெளிவேலைக்குப் போய் வந்தால் குளித்து, உடை மாற்றி, கையை முழங்கை வரைக்கும் கழுவிய பிறகே அப்பாவின் அறைக்குள் நுழைவாள். நோட்டில் காலை, பகல், மாலை என மூன்று வேளையும் உடம்புச் சூட்டைக் குறித்தாள். அவளுடைய எழுத்து அச்சடித்தாற்போல இருக்கும். பரிசோதனைக்குப் போன நாளில் மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "இப்படி ஒரு நோட்ட நான் பாத்ததே இல்ல" என்றார்.

நாற்பத்தொன்றாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் விடாமல் பெய்த மழை அன்றுதான் ஓய்ந்து, மூடி வைத்த பானைக்குள் இருப்பதுபோலப் புழுங்கியது. காலையில் அப்பா குழைந்த சோறும் வேகவைத்த காயும் சாப்பிட்டார். பதினோரு மணிக்கு அவள் தெர்மாமீட்டரை நாக்கின் அடியில் வைத்தாள். அது கீச்சிட்டதும் எடுத்துப் பார்த்தாள். முப்பத்தெட்டு புள்ளி ஒன்று.

அவள் கை தொலைபேசியை நோக்கிப் போகத்தான் செய்தது.

"எவ்வளவு?" என்றார் அப்பா.

"முப்பத்தெட்டு ஒண்ணு. நான் போன் பண்றேன்."

"இரு. இப்பத்தானே வெந்நீர் குடிச்சேன். வாயெல்லாம் சூடு."

"ஒருவாட்டி காட்டினாப் போதும்னு சொன்னாங்கப்பா."

"யாரு, கறாரம்மாவா? அந்தம்மா சரிவுல நின்ன தராச நம்பி என் மூக்குல குழாய் சொருகப் பாத்த ஆளு. கால் மணி நேரம் கழிச்சு வை. ஓடியா போயிடப் போகுது?"

அவள் காத்திருந்தாள். முப்பத்தேழு புள்ளி ஒன்பது. இன்னும் கால் மணி நேரம். முப்பத்தெட்டு புள்ளி மூன்று.

"மூணையும் கூட்டி வகு."

"முப்பத்தெட்டு ஒண்ணு வருது."

"கருவியச் சோதிச்சியா?"

இந்தக் கேள்வியை அப்பா கேட்டிருக்காவிட்டாலும் அவளே கேட்டிருப்பாள். பிற்பாடு தன்னிடம் அவளால் மன்னிக்க முடியாமல் போனது இதைத்தான். பட்டறையில் ஓர் ஒப்பீட்டு வெப்பமானி இருந்தது. மின்தராசுகள் வெப்பத்துக்குத் தக்கபடி பிசகும் என்பதால் அந்தக் கணக்குக்காக வாங்கி, ஆண்டுதோறும் அரசு ஆய்வகத்துக்கு அனுப்பி முத்திரை பெற்றுவரும் வெப்பமானி. பிளாஸ்டிக் தாளை விலக்கி அதை எடுத்துவந்தாள். ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீர் வைத்து, இரண்டு கருவிகளையும் அதில் இறக்கினாள். நீரின் சூடு சமநிலைக்கு வரும்வரை கலக்கினாள். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, கண்ணில் பழைய ஒளியோடு பார்த்துக்கொண்டிருந்தார். நோய் வந்த நாளிலிருந்து இருவரும் ஒரே அறையில் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

"எவ்வளவு பிசகு?"

"நம்மளது அதிகமா காட்டுது. பாயிண்ட் மூணு."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் அதேதான்."

"அப்பக் கழிச்சா?"

"முப்பத்தேழு எட்டு."

"அவ்வளவுதான். எழுது."

நோட்டின் பகல் கட்டத்தில் அவள் எழுதினாள்: 37.8. துண்டுத்தாளைக் கசக்கிக் கூடையில் போட்டாள். மணி அப்போது பன்னிரண்டேகால். அப்பா சற்றுத் தூங்குகிறேன் என்றார். அவள் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டாள், துணி துவைத்தாள், இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். தூங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஐந்து மணிக்குக் கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனாள். அப்பாவின் பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. உதடு நீலம். "குளுருது" என்றார், அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. அவள் தெர்மாமீட்டரைத் தேடவில்லை. தொலைபேசியை எடுத்தாள்.

நெஞ்சுக் குழாய் வழியாக ஒரு கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து, மருத்துவமனை சேர்ந்து, மருந்து ஏறத் தொடங்கியபோது மணி ஆறரை. ரத்த அழுத்தம் அதற்குள் பாதியாகிவிட்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே மருத்துவர் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"மத்தியானம் முப்பத்தேழு எட்டுன்னு இருக்கு. முப்பத்தெட்டு எப்ப வந்தது?"

"பதினோரு மணிக்கு."

"நோட்டுல இல்லையே."

அவள் சொன்னாள். வெந்நீர், மூன்று முறை, பாத்திரம், ஒப்பீட்டு வெப்பமானி, கழித்தல். எதையும் விடாமல், ஒழுங்கு மாறாமல் சொன்னாள். மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சற்றுச் சுலபமாக இருந்திருக்கும்.

"நீங்க போட்ட கணக்கு தப்பே இல்லம்மா. அவரு உடம்புச் சூடு நிஜமாவே முப்பத்தேழு எட்டாத்தான் இருந்திருக்கும். ஆனா எங்களுக்குச் சரியான எண் வேண்டாம். முதல் எண் போதும். வீட்டுத் தெர்மாமீட்டர் பிசகும்னு தெரிஞ்சுதான் முப்பத்தெட்டுன்னு கோடு போட்டிருக்கோம். பத்து பேருல ஒம்பது பேரு வீணா வருவாங்க. வரட்டும். அந்தப் பத்தாவது ஆளுக்காகத்தான் அந்தக் கோடு."

"அப்பவே கூப்ட்டிருந்தா?"

"அப்படிக் கேக்காதீங்க. எனக்கும் தெரியாது."

தெரியாது என்று சொன்னவர், அவள் கண்ணைப் பார்க்காமல் நோட்டை மூடிக் கொடுத்தார்.

அங்கே சேர்த்த மூன்றாம் நாள் அப்பாவுக்குச் சிறிது தெளிவு வந்தது. உள்ளே விட்டார்கள். கையுறை, முகமூடி, மேலங்கி எல்லாம் போட்டுக்கொண்டு போனாள். கறாரம்மா தம் வார்டிலிருந்து அவரைப் பார்க்க வந்து கட்டிலருகே நின்றிருந்தார். அப்பாவின் குரல் காகிதம் உரசுவதுபோல இருந்தது.

"சிஸ்டர், என் பொண்ணு என்ன பண்ணினா தெரியுமா? மூணு தடவை பாத்தா. அப்புறம் கருவியச் சோதிச்சா. பாயிண்ட் மூணு பிசகுன்னு கண்டுபிடிச்சா. எவன் பண்ணுவான் வீட்டுல? என் கையில பழகினவ, ஆனா என்ன விடச் சுத்தம்."

பதினேழு ஆண்டுகளில் அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதில்லை. கறாரம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மருந்துக் குழாயைச் சரிசெய்ய ஒன்றும் இல்லாதபோதும் சரிசெய்தார்.

"அப்பா, நான் போன் பண்ணியிருக்கணும்."

"எதுக்கு? முப்பத்தேழு எட்டுக்கா?"

"ஆமா."

"போடி. முப்பத்தேழு எட்டுக்கு யாராவது போன் பண்ணுவாங்களா?"

அவர் சிரித்தார். அவர் தம்மைச் சமாதானம் செய்துகொள்ளவில்லை, அவளையும் சமாதானம் செய்யவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பினார். அவள் எதிர்பார்த்து வந்தது ஒரு திட்டு. அது கிடைக்கவில்லை, அதன் பிறகு கிடைக்கவும் வழியில்லாமல் போயிற்று. அன்று மாலை சிறுநீரகம் நின்றது. செயற்கைச் சுவாசம் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் முற்பகலில், தம்பி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் நிற்க, அவர் போனார்.

காரியங்கள் முடிந்து, துக்கம் கேட்க வந்தவர்களும் போன பின் தம்பி ஒரு வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்தான். பட்டறையின் பிளாஸ்டிக் தாளை அவன்தான் பிய்த்தெடுத்தான். கிழித்த தாளைச் சுருட்டிக்கொண்டே ஒரு பகலில், அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஒண்ணு கேக்கணும்க்கா. மறைக்காமச் சொல்லு."

"கேளு."

"என்னோடது சரியில்லையா?"

"எது?"

"மஜ்ஜை. நான் கண்ட நேரத்துல தின்னு, கண்ட நேரத்துல தூங்கி, வண்டியில தூக்கம் வராம இருக்க சிகரெட்டு குடிச்சு வளத்த உடம்பு இது. நீ குடுத்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரோன்னு தோணுது. எவ்வளவு எடுத்தாலும் வண்டி ஓட்டறவன் ரத்தம் வண்டி ஓட்டறவன் ரத்தம்தானே. ஒரு சின்னக் கிருமியக்கூட அதால தடுக்க முடியலையே."

"உளறாதடா."

"உளறல் இல்ல. நோட்டப் பாத்தேன். காய்ச்சல்னு ஒரு வரிகூட இல்ல. மத்தியானம் முப்பத்தேழு எட்டு. சாயந்தரம் ஆளையே சாச்சுடுச்சு. நீ செய்யாத வேலை இல்ல. அப்ப வேற எங்கே தப்பு? என்கிட்டதான்."

நோட்டு மேசைமேல் இருந்தது. அதில் உள்ள எண் உண்மை. அதை அப்படியே விட்டுவிட்டால் உலகத்தில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தம்பி மட்டும் இந்த ஒரு நினைப்போடு லாரியில் ஏறி உட்காருவான். எத்தனை சாலை போனாலும் அது கூடவே போகும்.

"பதினோரு மணிக்கு முப்பத்தெட்டு காட்டுச்சுடா" என்றாள்.

அவன் சுருட்டுவதை நிறுத்தினான்.

"முப்பத்தெட்டு ஒண்ணு. போன் எடுத்தேன். அப்பா இருன்னாரு. இருந்தேன். மூணு தடவை பாத்தோம். அப்புறம் தெர்மாமீட்டரையே சோதிச்சோம். கழிச்சோம். கழிச்சத எழுதினேன்."

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போன் பண்ணின?"

"அஞ்சு மணிக்கு."

வெளியே யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவன் தரையில் அப்படியே உட்கார்ந்தான். மஜ்ஜை எடுத்த இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டுதான் இன்னமும் உட்காருகிறான் என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"நான் மூணு மணிக்குக் கூப்ட்டேனேக்கா."

"ம்."

"வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கூப்ட்டேன். அப்பா எப்படின்னு கேட்டேன். முப்பத்தேழு எட்டு, தூங்கறாருன்னு சொன்ன."

"சொன்னேன்."

"முப்பத்தெட்டு வந்துச்சுன்னு சொல்லியிருந்தா நான் பண்ணியிருப்பேன். ஆஸ்பத்திரி நம்பர் என்கிட்டயும் இருந்துச்சு."

அவன் செய்திருப்பான். ஒரு கணம்கூட யோசிக்காமல் செய்திருப்பான். அந்தப் பட்டறையில் அவனுக்கு இடமில்லாமல் போனதே அதனால்தான்.

எழுந்து போய்விடுவான் என்று நினைத்தாள். கத்துவான் என்று நினைத்தாள். இரண்டில் எது நடந்தாலும் அதை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாள். அவன் கேட்டது வேறு.

"அப்ப என்னோடது நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுடா. முப்பதாம் நாளே முழுசா பிடிச்சிடுச்சு. இவ்வளவு நல்லாப் பிடிச்சு பாத்ததில்லன்னு டாக்டரே சொன்னாரு."

"சரி" என்றான். "சரி, சரி."

சுருட்டிய தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, மருத்துவமனையிலும் காரியத்திலும் அழாதவன், அப்போது அழுதான். அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். அவன் தலையைத் தூக்காமலே ஒரு கையை மட்டும் உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினான். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.